ஆத்துல தண்ணி வரல, அப்ரைசல்ல ரேட்டிங் வரல: ஒரு டெல்டா கலெக்‌ஷன் ஆபீசரின் கணக்கு

2025 ஏப்ரல். தஞ்சாவூர்ல நான் வேலை பார்த்த ஃபைனான்ஸ் கம்பெனியோட பிராஞ்ச். ஏசி இருக்கும், ஆனா குளிராது. அந்தச் சின்ன கேபின்ல எதிர்ல என் மேனேஜர் உட்கார்ந்திருந்தாரு. லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, "தம்பி, நம்பர் என்ன சொல்லுதுன்னு நீயே பாரு"ன்னாரு.

5-க்கு 2. ஹைக் 3 சதவீதம். ஒரு வருஷ உழைப்பைப் பத்தின பேச்சு 11 நிமிஷத்துல முடிஞ்சுது. அதுலயும் 2 நிமிஷம் அவருக்கு ஒரு போன் வந்துது.

வெளிய வந்து பைக்கை ஸ்டார்ட் பண்ணும்போதுதான் அடிவயித்துல கலக்குச்சு. ஏன்னா அந்த பைக்கே அந்த ஹைக்கை நம்பி எடுத்தது. முந்தின ரெண்டு வருஷமும் எனக்கு 11, 12 சதவீதம்னு வந்திருந்துது. இந்த வருஷமும் 12 வந்துடும்னு நானே முடிவு பண்ணி, பிப்ரவரியிலேயே வண்டி எடுத்துட்டேன். ஆன்ரோடு 2.10 லட்சம். கைக்காசு 60,000 போட்டேன். மிச்சம் 1.5 லட்சம் லோன், 12 சதவீத வட்டி, 36 மாசம். தவணை மாசம் 4,982 ரூபாய். அம்மா அப்பவே சொன்னாங்க, "லெட்டர் கையில வரட்டுமேப்பா, அப்புறம் எடுத்துக்கலாம்"னு. நான் கேட்கல.

கணக்கு இதுதான். மாசச் சம்பளம் 30,000. 12 சதவீதம் வந்திருந்தா 3,600 கூடியிருக்கும். மீதி 1,400 ரூபாயை எப்படியோ சமாளிச்சிருப்பேன். வந்தது 900. பேசிக்ல ஏறின 450-க்கு 12 சதவீதம் பிஎஃப், அதாவது 54 ரூபாய் போக, கைக்கு வந்தது 846. தவணை 4,982, கூடுதல் வருமானம் 846. ஊருக்கெல்லாம் லோன் கொடுக்கும்போது "திருப்பிக் கட்டுற சக்தி இருக்கா"ன்னு கேட்கிற வேலை என்னோடது. அந்தக் கேள்வியை என்கிட்ட நான் கேட்கல. சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம்.

நம்ம சேனல்ல இந்தக் கதையை ரெண்டு நிமிஷம் சொல்லிட்டுப் போயிட்டேன். அந்த 2 ரேட்டிங் எப்படி வந்துது, அதுக்கு அடுத்த வருஷம் நான் என்ன பண்ணேன்னு முழுசா இங்க எழுதுறேன். டெல்டாவுல பேங்க், ஃபைனான்ஸ், இன்சூரன்ஸ், உரக் கம்பெனி சேல்ஸ்னு வேலை பார்க்கிற நிறைய பேருக்கு இது உங்க கதை மாதிரியே இருக்கும்.

நம்ம காலண்டர் வேற, கம்பெனி காலண்டர் வேற

என் வேலை டிராக்டர், சரக்கு வண்டி லோன் கலெக்‌ஷன். ஏரியா திருவையாறு, கண்டியூர், அய்யம்பேட்டை, பாபநாசம் பக்கம். டார்கெட் போடுறது சென்னையில இருக்கிற தலைமை அலுவலகம். வருஷம் ஏப்ரல்ல ஆரம்பிச்சு மார்ச்ல முடியும். வருஷ டார்கெட்டை 12-ஆல வகுத்து மாசாமாசம் இவ்வளவுன்னு வச்சிடுவாங்க. மார்ச்சுக்கு மட்டும் கொஞ்சம் கூட இருக்கும்.

விவசாயி கையில காசு அப்படி மாசாமாசம் வராது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல திறக்கணும். தண்ணி கல்லணைக்கு வந்து, வாய்க்கால்ல ஏறி, குறுவை நட்டு, செப்டம்பர் அக்டோபர்ல அறுத்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்துல போட்டு, பணம் அக்கவுன்ட்ல ஏறணும். அப்புறம் சம்பா, தாளடி. அதோட காசு பொங்கலுக்கு மேல, தை மாசி பங்குனியில வரும். நடுவுல இருக்கிற மாசங்கள்ல வீட்டுக்குப் போய் நின்னா மோர் கொடுப்பாங்க, காசு இருக்காது. இதனாலதான் டிராக்டர் லோனுக்கு அரையாண்டுத் தவணைன்னு ஒரு முறையே இருக்கு. ஆனா எங்க ஏரியாவுல பாதிக்கு மேல கணக்கு மாசத் தவணையில ஓடிட்டிருந்துது. கலெக்‌ஷன் ரிப்போர்ட் பார்க்க அழகா இருக்கும்ங்கிறதைத் தவிர அதுக்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியல.

2024-ல என்ன ஆச்சுன்னு டெல்டாக்காரங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஜூன் 12 வந்துது, அணையில தண்ணி இல்ல. 120 அடி அணையில நீர்மட்டம் 50 அடிக்கும் கீழ கிடந்துது. கர்நாடகாவுல ஜூலையில மழை கொட்டின பிறகுதான் கிடுகிடுன்னு ஏறி, ஜூலை 28-ல திறந்தாங்க. ஒன்றரை மாசம் லேட். போர்வெல் இருக்கிறவங்க குறுவை போட்டாங்க, ஆத்துத் தண்ணியை நம்பினவங்க போடல. அக்டோபர்ல வர வேண்டிய காசு அவங்களுக்கு வரவே இல்ல. நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் மழை, சம்பா வயல்ல தண்ணி நின்னுது. ஜனவரியில அறுவடை நேரத்துல திரும்பவும் மழை. நெல் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல போனா கொள்முதல் நிலையத்துல எடுக்க மாட்டாங்க. ரோட்டுல காய வச்சுட்டு உட்கார்ந்திருந்தாங்க சனங்க.

திருவையாறு பக்கம் ஒரு பெரியவர், என் தாத்தா வயசு. செப்டம்பர்ல மூணு தடவை போனேன். மூணாவது தடவை அவரே வாசலுக்கு வந்து, "தம்பி, நீங்க வர்றது தப்பில்ல. நான் ஓடியும் போகல. ஆத்துல தண்ணி வரட்டும், கட்டிடுறேன்"னாரு. சொன்ன மாதிரியே பிப்ரவரியில மொத்தமா கட்டினாரு. அது நடக்கிறதுக்குள்ள அவர் கணக்கு 90 நாள் தாண்டி வாராக்கடன் லிஸ்ட்ல விழுந்து, என் பேர்ல ஒரு கறுப்புப் புள்ளி வச்சிடுச்சு.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. பேங்க் கொடுக்கிற பயிர்க்கடனுக்கு ரிசர்வ் வங்கியோட விதியே வேற. குறுகிய காலப் பயிர்னா ரெண்டு பயிர்ப் பருவம் தாண்டி பாக்கி இருந்தாத்தான் வாராக்கடன். நெல்லுக்கு ஒரு பருவம்னு உண்டுங்கிறதை ரிசர்வ் வங்கி ஒத்துக்குது. எங்க கம்பெனி மாதிரி ஃபைனான்ஸ் கம்பெனிக்கு அந்தச் சலுகை இல்ல, 90 நாள்தான். அதைக்கூடப் புரிஞ்சுக்கலாம். என் அப்ரைசல் ஃபார்ம்ல 'தண்ணி'ன்னு ஒரு காலம் இல்லாததைத்தான் என்னால ஏத்துக்க முடியல.

மன்னார்குடி அண்ணன் பண்ணின வேலை

ரேட்டிங் வந்த வாரம், எங்க ரீஜன்ல யாருக்கு என்னன்னு ரகசியமா பேசிக்கிட்டோம். எல்லா ஆபீஸ்லயும் நடக்கிறதுதானே. அப்பத்தான் மன்னார்குடி பிராஞ்ச்ல இருக்கிற ஒரு சீனியர் அண்ணனுக்கு 3 வந்தது தெரிஞ்சுது. அவர் ஏரியாவுல கலெக்‌ஷன் சதவீதம் என்னோடதைவிட அரைப் புள்ளி குறைவு.

எனக்கு ஆத்திரம். போன் போட்டு நேராவே கேட்டுட்டேன். அவர் கோவப்படல. "நீ மெயில் எதுவும் போட்டியாப்பா?"ன்னு மட்டும் கேட்டாரு.

அவர் ஜூலை முதல் வாரத்துலயே, அணை திறக்காதப்பவே, மேனேஜருக்கு ஒரு மெயில் போட்டிருக்காரு. 15 வரிகூட இருக்காது. அன்னைக்கு மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி. தன்னோட கணக்குகள்ல எத்தனை பேர் குறுவையை மட்டும் நம்பி இருக்காங்க. அவங்க தவணை அக்டோபர்ல வராது, பிப்ரவரி மார்ச்ல வரும்ங்கிற கணிப்பு. அதுவரைக்கும் தான் நெல் இல்லாத எந்தெந்தக் கணக்குல கவனம் வைக்கப் போறேன்ங்கிற திட்டம். கடைசியில, இப்படிச் செய்யலாமான்னு ஒரு கேள்வி. அக்டோபர்ல ஒண்ணு, ஜனவரியில ஒண்ணுன்னு அதோட தொடர்ச்சியா இன்னும் ரெண்டு மெயில்.

நானும் இதையெல்லாம் சொல்லியிருக்கேன். டீக்கடையில சொன்னேன், காலை மீட்டிங்ல சொன்னேன், போன்ல சொன்னேன். ஏப்ரல்ல கேபின்ல உட்கார்ந்து சொன்னப்போ அது சாக்கு மாதிரி இருந்துது. அவர் சொன்னது ஜூலையில. அப்ப அது முன்னெச்சரிக்கை. விஷயம் ஒண்ணுதான், தேதிதான் வேற.

ரேட்டிங் எந்த ரூம்ல முடிவாகுது?

கேபின்ல மேனேஜரும் நாமளும் பேசுற அந்த 11 நிமிஷத்துலதான் ரேட்டிங் முடிவாகுதுன்னு நான் 4 வருஷமா நினைச்சிட்டிருந்தேன். அது ஏற்கனவே முடிவான ஒண்ணை நமக்குச் சொல்ற கூட்டம், அவ்வளவுதான். அதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி, எங்களுக்குத் திருச்சியில, எல்லா பிராஞ்ச் மேனேஜரும் ரீஜனல் ஹெட்டும் உட்கார்ந்து ஒரு மீட்டிங் நடக்கும். எச்ஆர் பாஷையில அதுக்கு கேலிப்ரேஷன்னு பேரு. ஹைக்குக்கு மொத்தம் இவ்வளவு பட்ஜெட்னு மேலேர்ந்து வந்திருக்கும். 5 எத்தனை பேருக்கு, 4 எத்தனை பேருக்குன்னு ஒரு பங்கீடும் வந்திருக்கும். ஒவ்வொரு மேனேஜரும் தன் ஆளுக்காகப் பேசணும். "இந்தப் பையனுக்கு ஏன் 3?"ன்னு கேட்டா பதில் சொல்லணும். என் மேனேஜர் கையில எனக்காகக் காட்ட ஒரு காகிதம்கூட இல்ல. மன்னார்குடி மேனேஜர்கிட்ட 3 மெயில் இருந்துது.

இந்தப் பங்கீட்டுக்குத்தான் பெல் கர்வ்னு பேரு. அமெரிக்காவுல ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியோட தலைவரா இருந்த ஜாக் வெல்ச் பிரபலமாக்கினது. மேல 20 சதவீதம், நடுவுல 70, கீழ 10. அந்தக் கீழ் 10 சதவீதத்தை வெளிய அனுப்பிடணும்ங்கிறது அவர் கணக்கு. உலகம் பூரா காப்பி அடிச்சாங்க. அப்புறம் சலிச்சும் போச்சு. மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பர்ல இதைக் கைவிட்டுது. நம்ம ஊர்ல இன்ஃபோசிஸ் 2015-ல கட்டாயப் பங்கீட்டை விட்டுச்சு. ஆயிரக்கணக்கான பேர் இருக்கிற இடத்துல இந்த வளைவு ஓரளவு பொருந்தலாம். 9 பேர் இருக்கிற ஒரு பிராஞ்ச்ல யாரோ ஒருத்தர் கடைசியா இருந்தே ஆகணும்னு சொல்றது என்ன நியாயம்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல.

ஐடியில கதை கொஞ்சம் வேற மாதிரி. கும்பகோணத்துல வீட்ல இருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிற என் நண்பன் ஒருத்தனுக்கு ஒரு வருஷம் சொன்ன காரணம்: "போன வருஷம் உனக்கு ப்ரமோஷன் கொடுத்தாச்சு, இந்த வருஷம் இன்னொருத்தருக்கு விட்டுக்கொடு." வரிசையில ரேஷன் கொடுக்கிற மாதிரி. இன்னொரு வருஷம், "உன்னை யாருக்கும் தெரியலையே." ஆபீஸ்ல முகம் காட்டாததுக்கு அவன் கொடுத்த விலை அது. 2024 செப்டம்பர்ல தஞ்சாவூர்லயே டைடல் நியோ பார்க் திறந்துட்டாங்க. அங்க வேலைக்குப் போறவங்களுக்கும், டீம் லீடர் சென்னையிலயோ பெங்களூர்லயோ இருந்தா, இதே சிக்கல் வரத்தான் செய்யும்.

அரசு வேலையில இருக்கிறவங்களுக்குக் கிடைச்ச ஒரு உரிமை

எங்க சித்தி மத்திய அரசு அலுவலகத்துல இருக்காங்க. என் புலம்பலைக் கேட்டுட்டு, "எங்களுக்கெல்லாம் அறிக்கையைக் கையில கொடுப்பாங்களே, எழுதிப் போட 15 நாள் டைமும் உண்டே"ன்னாங்க. அந்த உரிமை சும்மா வரல. அதுக்குப் பின்னாடி ஒரு மனுஷனோட வழக்கு இருக்கு.

தேவ் தத்னு ஒருத்தர், எல்லைச் சாலைகள் பொறியியல் பணியில எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர். அடுத்த பதவி உயர்வுக்கு, முந்தின 5 வருஷ ரகசிய அறிக்கையிலயும் 'மிக நன்று'ன்னு இருக்கணும்ங்கிறது விதி. 1993-94-க்கு மட்டும் அவருக்கு 'நன்று'ன்னு எழுதியிருந்தாங்க. திட்டி எழுதல, குறை சொல்லல. வெறும் 'நன்று'. மோசமான குறிப்பு இருந்தாத்தான் ஊழியர்கிட்ட சொல்லணும்ங்கிறது அன்னைய வழக்கம். 'நன்று' மோசமில்லையே, அதனால அவர்கிட்ட யாரும் சொல்லவே இல்ல. அந்த ஒத்தை வார்த்தையால பதவி உயர்வு போச்சு. அவருக்குக் கீழ இருந்தவங்க மேல போனாங்க. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2008 மே 12-ல தீர்ப்பு வந்துது. நல்லதோ கெட்டதோ, அறிக்கையில எழுதுற ஒவ்வொரு மதிப்பீட்டையும் ஊழியருக்குத் தெரிவிக்கணும், எதிர்த்து எழுத வாய்ப்பு கொடுக்கணும்னு சொல்லுச்சு நீதிமன்றம். மறுபரிசீலனையில அவர் மதிப்பீடு உயர்ந்தா, பதவி உயர்வையும் பழைய தேதியிலிருந்து பரிசீலிச்சு, நிலுவைத் தொகையை 8 சதவீத வட்டியோட கொடுக்கணும்னும் உத்தரவு. தீர்ப்பு வந்தப்போ தேவ் தத் ரிட்டயரே ஆயிட்டாரு.

அடுத்த வருஷம், 2009 மே மாசம், 2008-09 அறிக்கையிலிருந்து முழு மதிப்பீட்டையும் ஊழியருக்குக் காட்டணும்னு மத்திய அரசு ஆணை போட்டுது. 2013-ல சுக்தேவ் சிங் வழக்குல 3 நீதிபதிகள் அமர்வு இதை உறுதி பண்ணுச்சு.

தனியார் கம்பெனிக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது. அதைத் தெளிவா சொல்லிடுறேன், நாளைக்கே எச்ஆர் முன்னாடி போய் தேவ் தத் பேரைச் சொல்லி நிக்காதீங்க. ஆனா அதுல இருக்கிற தர்மத்தை நாமளே கேட்டு வாங்கலாம். ரேட்டிங்கையும் அதுக்கான காரணத்தையும் எழுத்துல கேளுங்க. கொடுக்கலைன்னா, அந்தக் கூட்டத்துல பேசினதை நீங்களே 5 வரியில மெயிலா போட்டு, "நான் புரிஞ்சுக்கிட்டது சரியா"ன்னு முடிச்சிடுங்க. பதில் வரலைன்னாலும் தேதி பதிவாயிடும்.

அரசு பேங்க்லயும் இப்ப இந்தச் சண்டை நடக்குது. அங்க 2020 நவம்பர் ஒப்பந்தத்துல வந்த ஊக்கத்தொகை, தனி ஆளோட ரேட்டிங்கைப் பார்க்காது. அந்த பேங்க்கோட செயல்பாட்டு லாபம் 5 சதவீதத்துக்கு மேல வளர்ந்தா எல்லாருக்கும் 5 நாள் சம்பளம், 10-க்கு மேல போனா 10 நாள், 15-க்கு மேல போனா 15 நாள். அப்புறம் ஊழியர் செயல்திறனை ஆய்வு செய்யணும், அதை வச்சு ஊக்கத்தொகை தரணும்னு நிதிச் சேவைகள் துறை அறிவுறுத்தல் அனுப்ப, பேங்க் சங்கங்களோட கூட்டமைப்பு எதிர்த்துது. 2025 மார்ச் 24, 25-ல வேலைநிறுத்தம்னு அறிவிச்சப்போ வச்ச கோரிக்கைகள்ல அதைத் திரும்பப் பெறணும்ங்கிறதும் ஒண்ணு. பேச்சுவார்த்தைக்குப் பிறகு வேலைநிறுத்தம் தள்ளிப்போச்சு. ஊழியருக்குள்ள பிரிவினை வரும்ங்கிறது அவங்க வாதம். எங்க 9 பேர் பிராஞ்ச்சைப் பார்த்த எனக்கு அது மிகையாத் தெரியல.

ஒரு 2 ரேட்டிங்கோட உண்மையான விலை

இப்ப நம்ம வழக்கமான கணக்குக்கு வருவோம். 30,000 சம்பளத்துல ரெண்டு பேர். ஒருத்தருக்கு 10 சதவீத ஹைக், 33,000. இன்னொருத்தருக்கு 3 சதவீதம், 30,900. வித்தியாசம் மாசம் 2,100, வருஷம் 25,200. இது ஒரு வருஷத்தோட போயிடாது. அடுத்த வருஷத்துலேர்ந்து ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி 10 சதவீதம் வந்தாலும், அந்த இடைவெளியும் வருஷம் 10 சதவீதம் வளரும். 10 வருஷம் கூட்டினா ஏறக்குறைய 4 லட்சம் ரூபாய். ஒரே ஒரு மோசமான ஏப்ரலுக்கு. நிஜத்துல நடுவுல வேலை மாறுவோம், சம்பளம் மாறும். ஆனா புதுக் கம்பெனியும் பழைய பேஸ்லிப்பைக் கேட்டுத்தான் பேரம் ஆரம்பிக்குது.

விலைவாசியையும் சேர்த்துப் பாருங்க. விலை 5 சதவீதம் ஏறின வருஷத்துல 3 சதவீத ஹைக் வாங்கினா, 30,900 ரூபாயோட மதிப்பு பழைய கணக்குல 29,400 சொச்சம்தான். சம்பளம் கூடிச்சுன்னு லெட்டர் சொல்லும். மளிகைக் கடையில குறைஞ்சிருக்கும்.

வேலைக்குப் புதுசா சேர்றவங்க ஆஃபர் லெட்டர்ல 'வேரியபிள் பே'ங்கிற வரியைத் தேடுங்க. வருஷம் 6 லட்சம்னு சொல்லி, அதுல 60,000 வேரியபிள்னு வச்சிருந்தா, உங்க சம்பளம் 5.4 லட்சம்னே நினைச்சுக்கோங்க. ரேட்டிங்கைப் பொறுத்து அந்த 60,000 முழுசாவும் வரலாம், பாதியாவும் வரலாம், வராமலும் போகலாம். தவணை போடுறப்போ அதை பூஜ்யமா எடுத்துக்கோங்க. நான் இதைச் சொல்ற தகுதியை 4,982 ரூபாய் மாசத் தவணை கட்டி வாங்கியிருக்கேன்.

ஹைக் லெட்டர் வந்தா எது ஏறியிருக்குன்னும் பாருங்க. 2025 நவம்பர் 21-லேர்ந்து புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தாச்சு. பிஎஃப், கிராஜுவிட்டி கணக்கிடுற 'ஊதியம்' மொத்தச் சம்பளத்துல பாதிக்குக் குறையாம இருக்கணும்ங்கிறது அதுல ஒரு விதி. அலவன்ஸை மட்டும் ஏத்தி பேசிக்கைத் தொடாம விடுற பழைய வித்தை இனி அவ்வளவு சுலபமா நடக்காது.

ரேட்டிங் வந்த கோவத்துல பேப்பர் போடுறவங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. நிரந்தர ஊழியருக்கு கிராஜுவிட்டி 5 வருஷ சர்வீஸுக்கு. கடைசியா வாங்கின பேசிக்கை 26-ஆல வகுத்து, 15-ஆல பெருக்கி, எத்தனை வருஷமோ அதால பெருக்கணும். பேசிக் 18,000, சர்வீஸ் 5 வருஷம்னா கிட்டத்தட்ட 51,900 ரூபாய். 4 வருஷம் முடிச்சு அஞ்சாவது வருஷத்துல 240 நாள் வேலை பார்த்திருந்தாலே தகுதி உண்டுன்னு மேட்டூர் பியர்ட்செல் வழக்குல சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கு. சில கம்பெனிகள் ஒத்துக்காம இழுத்தடிக்கும். ரெண்டு மூணு மாசப் பொறுமைக்கு அரை லட்சம் கிடைக்கும்னா பொறுத்துக்கலாம்.

அடுத்த வருஷம் நான் என்ன பண்ணேன்

நான் பேப்பர் போடல. பைக் தவணை இருந்துது, போட முடியல.

2025 ஏப்ரல் கடைசியில டார்கெட் மீட்டிங்குக்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை பூரா உட்கார்ந்து, என் 212 கணக்கையும் எக்செல்ல பயிர்வாரியா பிரிச்சேன். நெல் மட்டும் 131. திருவையாறு பக்கம் வாழை, வெத்தலை, கரும்புன்னு 38. சரக்கு வண்டி ஓட்டுறவங்க, கடைக்காரங்க 43. அணை ஜூன் 12-ல திறந்தா நெல்லுக்காரங்க எந்த மாசம் கட்டுவாங்க, ஒரு மாசம் லேட்டானா எப்ப கட்டுவாங்கன்னு ரெண்டு விதமா போட்டு, கோடைக்காலத்துல மத்த 81 கணக்கையும் 100 சதவீதம் பிடிக்கிறேன்னு எழுதி அனுப்பினேன். மேனேஜர் கூப்பிட்டு, "இதெல்லாம் சிஸ்டத்துல ஏறாது தம்பி"ன்னாரு. மெயிலுக்கு 'நோட்டட்'னு ஒத்தை வார்த்தையில பதில் போட்டாரு. எனக்கு அது போதும்.

மாசத்துக்கு ஒரு தடவை, கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம், 10 நிமிஷம் ஒதுக்கி அந்த மாசம் நடந்ததை எழுதி வச்சேன். 'கடுமையா உழைச்சேன்'னு எழுதல. அதைத்தான் முந்தின வருஷம் ஃபார்ம்ல எழுதி ஏமாந்தேன். '60 நாள் தாண்டின 14 கணக்குல 9 கணக்கு நடப்புக்கு வந்தாச்சு. மிச்சம் 5-ல 3 பேர் குறுவை அறுத்ததும் கட்டுறதா சொல்லியிருக்காங்க'ன்னு எழுதினேன். வாடிக்கையாளர் யாராவது வாட்ஸ்அப்ல நன்றின்னு அனுப்பினா அதையும் சேமிச்சேன்.

அந்த வருஷம் அணை சரியா ஜூன் 12-ல திறந்துது, ஜூன் முடியறதுக்குள்ள நிரம்பியும் வழிஞ்சுது. குறுவை அமோகம். சரி, அக்டோபர்ல தப்பிச்சோம்னு நினைச்சா, அறுவடை நேரத்துல மழை. கொள்முதல் நிலைய வாசல்ல குவிச்சு வச்ச நெல்லு நனைஞ்சு முளைவிட்டதைப் பேப்பர்ல எல்லாரும் பார்த்தீங்க. முந்தின வருஷம் தண்ணி இல்லாம கலெக்‌ஷன் விழுந்துது, இந்த வருஷம் தண்ணியிலயே விழுந்துது. ஆனா இந்தத் தடவை அக்டோபர் ரெண்டாவது வாரமே, எந்தெந்த வாடிக்கையாளர் நெல்லு எந்தக் கொள்முதல் நிலையத்துல எத்தனை நாளா கிடக்குன்னு என் மெயில் போயிடுச்சு.

நவம்பர்ல அரையாண்டு ரிவ்யூ. அதே கேபின். 3 போட்டிருந்தாரு. லேப்டாப்பை மூடிட்டு, "திருச்சியில உன் மெயிலைத்தான் ஸ்கிரீன்ல போட்டேன் தம்பி. நான் ஒண்ணும் பேசல"ன்னாரு. மனுஷன் கெட்டவர் இல்ல. போன வருஷம் எனக்காகப் பேச அவர்கிட்ட எதுவும் இல்ல, அவ்வளவுதான்.

சந்தோஷமா வெளிய வந்தேன். பக்கத்து டேபிள்ல ஒரத்தநாடு ஏரியா பார்க்கிற அண்ணன் உட்கார்ந்திருந்தாரு. என்னைவிட 6 வருஷம் சீனியர். வாடிக்கையாளர் வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து பேசியே காசு வாங்கிட்டு வர்றவரு. ஃபீல்டு வேலையில பாதி நான் அவர்கிட்ட கத்துக்கிட்டது. அவருக்கு 2. 9 பேர்ல யாரோ ஒருத்தருக்கு 2 போகணும்ல. போன வருஷம் எனக்கு வந்தது இந்த வருஷம் அவர் டேபிளுக்குப் போயிருந்துது. அவர் மெயில் எழுதுற ஆளில்ல.

அன்னைக்கு சாயங்காலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடிக்கும்போது ரெண்டு பேருமே ரேட்டிங்கைப் பத்திப் பேசல. கிளம்பும்போது அவர்தான் கேட்டாரு: "அந்த எக்செல்லை எனக்கும் அனுப்பேன்பா. எப்படிப் பிரிக்கிறதுன்னு ஒரு நாள் வந்து காட்டு."

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன், அந்த பைக்லதான். அவரோட 190 சொச்சம் கணக்கைப் பிரிக்க மதியம் 2 மணி ஆயிடுச்சு. அண்ணி மீன் குழம்பு வச்சிருந்தாங்க. தவணை 2028 பிப்ரவரி வரைக்கும் ஓடும்.